பெண்கள் பெட்டி

பெத்தானியா நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் எந்தத் தீர்மானத்தையும் ஏகமனதாகவே நிறைவேற்றும். சங்கம் தொடங்கிய நாள்முதல் அதன் கூட்டங்களில் எதிர்ப்புக்கென்று ஒரு கை எழுந்ததில்லை. செயலாளர் லாசரஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தீர்மானத்தை வாசிப்பார். "ஆதரிக்கிறவங்க?" என்பார், எல்லாக் கைகளும் உயரும். "எதிர்க்கிறவங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பாதிப்பேர் செருப்பைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். மாற்றுக் கருத்துடையவர் எவரும் அங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பிடிக்காததைக் கூட்டத்தில் சொல்வது அந்த நகரில் வழக்கமில்லை, அவ்வளவுதான். மறுநாள் மின்சார ரயிலில், சம்பந்தமில்லாத ஒருவரிடம், கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் சொல்லிக்கொள்வார்கள்.

தனசிங்குக்கு இந்த ஒருமனம் பெருமையாக இருந்தது. பாரிமுனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அவர். நாள் முழுவதும் சண்டைக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர். மாலையில் தாம்பரத்தில் இறங்கி, நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் செம்மண் சாலையில் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தால், இங்கே எவரும் எவரோடும் மோதவில்லை என்பதே ஓர் ஆறுதல். ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிகாரி. ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் அமர்கிறவர்கள். பிறர் மனம் கோணாமல் வாழக் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள் என்று அவர் மனமார நம்பினார்.

எழுபதாம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், வார்டு உறுப்பினர் பதவிக்குத் தனசிங்கை நிறுத்துவதென்று சங்கம் முடிவு செய்தது. ஏகமனதாகத்தான்.

வார்டு என்பது பெத்தானியா நகரும் அதற்கப்பால் இருந்த மலையடிக் குடியிருப்பும் சேர்ந்தது. குடியிருப்பின் ஆண்கள் பல்லாவரம் பக்கம் கல்லுடைக்கப் போனார்கள். பெண்கள் நகரின் வீடுகளில் வேலை பார்த்தார்கள். அங்கே தோண்டிய கிணறுகளெல்லாம் பாறையில் முட்டி நின்றுவிட்டன. பெத்தானியா நகரின் பொதுக்கிணற்றிலோ கோடையிலும் நல்ல தண்ணீர். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. குடியிருப்புப் பெண்கள் விடிகாலையில் வந்து இறைத்து, நகரத்து வீடு ஒன்றுக்கு இரண்டு குடம் சுமந்து ஊற்றினால் மூன்றாவது குடம் அவர்களுடையது. காசு கிடையாது, தண்ணீருக்குத் தண்ணீரே கூலி. தனசிங்கின் வீட்டுக்குச் சுமந்தவள் அஞ்சம்மா. தனசிங் இதை அறியாதவர் அல்லர். ஆனால் இதை நகரத்தாரின் ஈகை என்றே அவர் எண்ணியிருந்தார். "நம்ம கிணத்துல எடுத்துக்கறாங்க, நாம ஒண்ணும் சொல்றதில்ல" என்று வெளியூர் உறவினர்களிடம் ஒருமுறை நிறைவோடு சொல்லியும் இருக்கிறார்.

அந்த ஆண்டு ஊராட்சி ஒன்றியத்தின் திட்டப்படி வார்டுக்கு ஒரே ஒரு குடிநீர்க் குழாய் கிடைக்கும் என்று செய்தி வந்திருந்தது. அது எங்கே நிறுவப்படும் என்பதை உறுப்பினராக வருகிறவர்தான் சொல்லவேண்டும். தனசிங் தயங்கவில்லை.

"மலையடிக்குத்தான் முதல் குழாய். தண்ணியே இல்லாதவங்களுக்கு முதல்ல. அதுதான் நியாயம். நமக்குக் கிணறு இருக்கு."

கூட்டம் கைதட்டியது. லாசரஸ் மட்டும் அவர் காதருகே குனிந்து, "நியாயம் மட்டும் இல்ல சார், கெட்டிக்காரத்தனமும்கூட. ஓட்டு அங்கதான் அதிகம்" என்றார். லாசரஸ் மிஷன் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். எதையும் வரைபடம்போல மேலிருந்து பார்க்கும் பழக்கம் உடையவர். தனசிங் அந்த மெச்சுதலை விரும்பவில்லை, ஆனாலும் மறுக்கவுமில்லை.

சின்னம் குடை. எதிரே ஏணிச் சின்னத்தில் நின்றவர் அப்பாதுரை, நகரின் கடைசித் தெருவில் குடியிருந்தவர், இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. "நான் இன்னாத்த செய்வேன்னு கேக்காதீங்க. கூப்ட்டா வருவேன். அவ்ளோதான்" என்று தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெத்தானியா நகர் இதைக் கேட்டுச் சிரித்தது.

தனசிங்கின் மனைவி தபீதாள் அந்த நாட்களில் ஓடியாடி உழைத்தாள். வாக்குக் கேட்கப் போகிறவர்களுக்கு இட்லி அவித்தாள். குடையின் படத்தை அட்டையில் வரைந்து ஒட்டினாள். ஒரு மாலை மலையடிக் குடியிருப்புக்கே கணவனோடு போய்ப் பெண்களின் நடுவில் அமர்ந்துவிட்டு வந்தாள். முந்தின ஆண்டு அவளுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இருந்தும் அவள் சோர்ந்து உட்கார்ந்து தனசிங் பார்க்கவில்லை.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகவே திரும்பியபோது, பின்கட்டு வாசல் வழியே ஒரு பெண் வெளியேறுவதைக் கண்டார். அப்பாதுரையின் மனைவி கங்கையம்மாள்.

"அந்தம்மா எதுக்கு வந்தாங்க?"

"சும்மாதான்" என்றாள் தபீதாள். "எல்லா வீட்டுக்கும் போறாங்க."

"ஓட்டுக் கேக்கவா? என் வீட்டுக்கேவா?"

"ஓட்டுன்னு வாயைத் திறக்கல. சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போனாங்க."

தனசிங் சிரித்தார். வேட்பாளரின் வீட்டிலேயே வந்து நலம் விசாரிக்கும் அந்த வெகுளித்தனத்தை லாசரஸிடம் சொல்லி, அவரையும் சிரிக்கவைத்தார்.

வாக்குப்பதிவு அன்று பெத்தானியா நகரின் மழலையர் பள்ளியில் வழக்கம்போல இரண்டு அறைகள்: ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு, அறைக்கொரு பெட்டி. மலையடிக்கு அந்தக் குடியிருப்பிலேயே தனிச் சாவடி, எல்லாருக்கும் ஒரே பெட்டி. பெண்களின் வரிசையில் முதல் ஆளாகத் தபீதாள் நின்றாள், ஈஸ்டருக்கு எடுத்த வெங்காயத்தாள் நிறப் புடவையில். வெளியே வந்து விரலின் மையைக் காட்டி, "போட்டாச்சு" என்றாள். அவளுக்குப் பின்னால் நகரின் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். எவளும் விடுபடவில்லை. "நம்ம லேடீஸைப் பாருங்க சார், என்ன ஒழுங்கு!" என்று லாசரஸ் பூரித்தார்.

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்தில் எண்ணிக்கை. ஒரு மேசை, ஓர் அதிகாரி, அவருக்கு உதவியாக ஓர் எழுத்தர். மேசைக்கு இந்தப் பக்கம் தனசிங்கும் அவருடைய முகவராக லாசரஸும். அந்தப் பக்கம் அப்பாதுரை, தனியாக, வெற்றிலையை அடக்கிக்கொண்டு.

முதலில் பெத்தானியா நகரின் ஆண்கள் பெட்டி. குடை நாற்பத்தொன்று, ஏணி இருபத்தேழு.

இருபத்தேழு பேரா? கைதட்டிய கைகள் தனசிங்கின் கண்முன் ஒருகணம் வந்து போயின. லாசரஸ் அவர் தொடையைத் தட்டி, "நாலு பேர் நாலு விதமா இருப்பாங்க சார். பெண்கள் பெட்டி வரட்டும். அது நம்ம கோட்டை" என்றார்.

எழுத்தர் பெண்கள் பெட்டியைக் கவிழ்த்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். ஏணி. ஏணி. ஏணி. மேசையின் ஒரு பக்கத்தில் அடுக்கு உயர்ந்தது. மறுபக்கத்தில், குடைக்காக அவர் ஒதுக்கியிருந்த இடத்தில், மேசையின் பழைய மைக்கறை மட்டும் தெரிந்தது. தனசிங் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ அடுத்தது, இதோ அடுத்தது என்று காத்திருந்தார். எழுத்தரின் விரல்கள் தளர்ந்தன, அவரும் கவனித்துவிட்டார். இறுதிச் சீட்டையும் விரித்து, அடுக்கின்மேல் வைத்து, பெட்டியைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

"ஏணி அறுபத்துமூணு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "குடை… இல்ல சார்."

"செல்லாதது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல."

அதிகாரி நம்பவில்லை. அடுக்கைத் தம் பக்கம் இழுத்து, தாமே ஒருமுறை எண்ணினார். ஒன்றுகூடவா? அறுபத்துமூன்று பெண்களில் ஒருத்தியும் இல்லையா? சற்றே பிந்தித்தான், இருட்டில் கால் வைத்த படி இல்லாமல் போனதுபோல, அந்த எண்ணிக்கையின் முழுப்பொருளும் தனசிங்குக்கு உறைத்தது. அறுபத்துமூன்றில் ஒருத்தி தபீதாள்.

அப்பாதுரைதான் வாயைத் திறந்தார். வென்றவரின் எக்காளம் அவர் குரலில் இல்லை. மாறாக, தவறிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவரின் சங்கடமே இருந்தது.

"இன்னா சார் இது? ஒண்ணுகூடவா இல்ல? வூட்ல அம்மா ஓட்டுப் போட வர்லியா?"

"உடம்பு சரியில்ல" என்றார் தனசிங். "வரல."

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்; தம் குரலே தமக்கு வேறாகக் கேட்டது. வரிசையில் தபீதாளுக்கு அடுத்தபடி நின்றவள் கங்கையம்மாள். அது அப்பாதுரைக்குத் தெரியாமலிருக்க வழியில்லை; கேட்டபின்புதான் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார்.

"சரி சார். வர்ல" என்றார் மெதுவாக.

அந்த இரக்கத்தைவிடக் கன்னத்தில் ஓர் அறை எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

லாசரஸின் முகமும் வெளுத்திருந்தது. அவருடைய மனைவி ரத்தினபாயும் அந்த அறுபத்துமூன்றில் ஒருத்தி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது பெட்டி மலையடியுடையது. குடை, குடை, குடை என்று எழுத்தரின் குரல் ஏறியது. தனசிங்கின் காதில் அது தூரத்து ரயில்போலக் கேட்டது. குடை நூற்றிருபத்தொன்பது, ஏணி இருபத்துநான்கு. அதிகாரி எழுந்து கைகொடுத்தபோதுதான் தாம் வென்றுவிட்டது அவருக்குப் புரிந்தது. அப்பாதுரையும் கைகொடுத்தார்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது லாசரஸ் சொன்னார்: "சார், பெட்டிக்கணக்கை வெளிய பேசவேண்டாம். மொத்தக் கணக்கு போதும். நம்ம வீட்டு மானம்."

"பேசமாட்டேன்" என்றார் தனசிங்.

*

செய்தி அவருக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. தபீதாள் வாசலில் நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கலக்கத்தில் மகிழ்ச்சியும் இருந்தது என்பதுதான் தனசிங்கைத் திடுக்கிடவைத்தது. நடிப்பில்லை. கணவன் வென்றதில் அவள் உண்மையாகவே மகிழ்ந்திருந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களாமே!"

அவர் உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், குடிக்கவில்லை.

"தபீ, நீ யாருக்கு ஓட்டுப் போட்டே?"

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். "ஓட்டு ரகசியம்னு நீங்கதான மேடையில சொன்னீங்க."

"பெண்கள் பெட்டியில எனக்கு ஒண்ணுமே இல்ல."

"கொஞ்சமா?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்றேன். சைபர்."

தபீதாளின் முகத்தில் அப்போது கண்டதை அவரால் பின்னாட்களிலும் விளக்க முடிந்ததில்லை. அகப்பட்டுக்கொண்டவளின் அச்சம் அதில் இல்லை. அவளும் அதிர்ந்து போயிருந்தாள். கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் அமர்ந்தாள்.

"ஒண்ணுகூடவா? ரத்தினபாய் அக்கா? டீச்சர் வேதா? யாருமேவா?" அவள் குரல் கிசுகிசுப்பாயிற்று. "நான் மட்டும்தான்னு நெனச்சேங்க."

"அப்போ எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுப் பண்ணலியா?"

"சத்தியமா இல்ல. ஒருத்திகிட்டக்கூட நான் வாயைத் திறக்கல. என் ஒரு ஓட்டுக் குறைஞ்சா நீங்க தோத்துடவா போறீங்கன்னு இருந்தேன். எல்லாருமே அப்படி நெனச்சிருக்காங்க போல."

"அந்தக் கங்கையம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'குழா அங்க வந்துட்ச்சுன்னா, உன் வூட்டுக்கு எவ தண்ணி தூக்கியாருவா?'ன்னு. கேட்டுட்டுப் போயிட்டாங்க."

வார்டின் வாக்காளர் எத்தனை பேர், பம்பு எத்தனை குதிரைசக்தி, குழாய் எவ்வளவு நீளம் என்றெல்லாம் தனசிங் கேட்டறிந்திருந்தார். இந்த ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை.

"பெட்டிக்கு முன்னால போற வரைக்கும் குடைன்னுதான் போனேன்" என்றாள் அவள். "அந்த அட்டை மறைப்புக்குள்ள போய் முத்திரையை எடுத்ததும், உங்க முகம் ஞாபகத்துக்கு வரல. அஞ்சம்மா வராத காலையில நம்ம அடுப்படி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுது. ஆபரேஷனுக்கு அப்புறம், இடுப்புல பாரம் ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க? 'அதான் அஞ்சம்மா இருக்காளே'ன்னீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, தபீ!"

"எப்போ? மலையடிக்கு முதல் குழாய்னு நீங்க சொன்னதும் எல்லாரும் கைதட்டினாங்க. ஆலயத்துல அதுக்காக ஜெபம்கூடப் பண்ணினோம். நடுவுல நான் எழுந்து, எனக்குத் தண்ணி தூக்க ஆள் வேணும், அதனால அவளுக்குக் குழாய் வேணாம்னு சொல்லணுமா? சொன்னா நான் எப்படிப்பட்ட பொம்பளை?"

"சொல்லாம செஞ்சா?"

"அதே பொம்பளைதான்" என்றாள். "அது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க?"

அவர் கோபப்பட விரும்பினார், கோபம் வரவில்லை. அவள் துரோகம் செய்துவிட்டாள் என்று நினைக்க முயன்றார். ஆனால் தினமும் காலையில் தாம் குளித்த தண்ணீர், தம் சட்டையை வெளுத்த தண்ணீர், இதோ முன்னாலிருக்கும் இந்த டம்ளர் எல்லாம் யாருடைய இடுப்பில் ஏறி வந்தவை என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றது. மலையடியில் தண்ணீர் இல்லாமலிருப்பதால்தான் இந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறது. பெத்தானியா நகரே இந்த ஒரு கணக்கின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதை அறுபத்துமூன்று பெண்கள் அறிந்திருந்தார்கள். நியாயம் பேசிய அவர் அறிந்திருக்கவில்லை.

*

மாலையில் வெற்றிக் கூட்டம். தனசிங்கின் வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் போடப்பட்டன. ஆண்கள் நாற்காலிகளில், பெண்கள் வழக்கம்போல வாசற்படியிலும் கூடத்திலும். சங்கத்தில் குடும்பத்தலைவர்கள்தான் உறுப்பினர்கள். பெண்கள் காபி கொடுப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஒவ்வொருவராக வந்து தனசிங்கின் கையைப் பற்றிக் குலுக்கினார்கள். "நம்ம ஓட்டு வீண்போகல சார்" என்றார் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. இருபத்தேழில் இவரும் ஒருவரோ என்று தனசிங் நினைத்தார். இனி எந்தக் கையைப் பிடித்தாலும் இப்படித்தான் நினைப்போம் என்பதும் கூடவே தோன்றியது.

மலையடியிலிருந்து சவுரிமுத்து வந்திருந்தார். கல்குவாரியில் மேஸ்திரி, குடியிருப்பில் குடைக்காக வீடுவீடாக நடந்தவர். கையில் சாமந்தி மாலையோடு வெளிக்கதவருகே நின்றவரைத் தனசிங் போய் அழைத்துவந்து, முன்வரிசையில் உட்காரவைத்தார். மாலை போட்டுவிட்டு, சவுரிமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கைகுப்பினார்.

"எனுக்குப் பேசல்லாம் வராது. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்க வூட்டுப் பொம்பளைங்க தண்ணிக்கோசரம் பட்ற பாடு எங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சிகினு இருந்தோம். இந்தக் காலனி அம்மாங்க எல்லாம் எங்களுக்கோசரம் ஓட்டுப் போட்டுகீறாங்க. அஞ்சம்மா சொல்லிச் சொல்லி அய்துச்சு. 'எங்க தபீதாம்மா வந்து எங்கூடத் தரையில குந்துனாங்க அண்ணே'ன்னு. நாங்க மறக்க மாட்டோம்."

தனசிங் வாசற்படியின் பக்கம் திரும்பவே இல்லை.

லாசரஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். காலையில் வெளுத்திருந்த முகம் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது.

"நண்பர் சவுரிமுத்து அழகாச் சொன்னார். அந்த ஆதரவை முன்னிட்டு ஒரு தீர்மானம். வாசிக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நமது நகரின் ஆண்களும் பெண்களும் ஒருமனப்பட்டு அளித்த பேராதரவால் வெற்றிபெற்ற நம் உறுப்பினர், அந்த ஆதரவுக்கு நன்றியாக, இவ்வாண்டுக் குழாயைப் பெத்தானியா நகரிலேயே நிறுவ ஆவன செய்யும்படியும், மலையடிக் குடியிருப்புக்கு வரும் ஆண்டுகளில் முன்னுரிமை வழங்கும்படியும் இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது."

தனசிங் லாசரஸைப் பார்த்தார். லாசரஸ் தாளைப் பார்த்தார். இது துணிச்சல்தான். பெண்கள் பெட்டியில் என்ன இருந்தது என்பது இந்த முற்றத்தில் இரண்டு ஆண்களுக்கு மட்டுமே தெரியும். பேராதரவு என்பது பொய் என்று தனசிங் சொல்லவேண்டுமானால் பூஜ்ஜியம் என்று சொல்லவேண்டும். பூஜ்ஜியம் என்றால் அதற்குள் தம் மனைவியும் அடக்கம். அவர் சொல்லமாட்டார். அது தெரிந்தேதான் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்கிறது.

சவுரிமுத்து பாதி எழுந்தார். "இன்னா சார் இது? குழா எங்களுக்குன்னுதான…"

"வரும், வரும். முன்னுரிமைன்னு போட்டிருக்கே, கேக்கலியா? ஆதரிக்கிறவங்க?"

கைகள் உயரத் தொடங்கின.

"லாசரஸ் அண்ணா, கொஞ்சம் இருங்க."

தபீதாள். காபித் தட்டோடு படியிறங்கி வந்தவள், நாற்காலிகளின் நடுவில் நின்றிருந்தாள். குனிந்து தட்டைக் கீழே வைத்தாள்.

"பேராதரவுன்னு எழுதியிருக்கீங்க. பெண்கள் பெட்டியில அவருக்கு ஒரு ஓட்டும் விழல."

"சிஸ்டர், இதெல்லாம் இப்போ எதுக்கு…"

"ஒண்ணுகூட விழல. நீங்க காலையில அங்கதான இருந்தீங்க? அறுபத்துமூணு பேரும் ஏணிக்குத்தான் போட்டோம். நானும்தான்."

உயர்ந்த கைகள் எங்கே இறங்குவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. சவுரிமுத்து தனசிங்கைப் பார்த்தார். பிறகு தபீதாளைப் பார்த்தார். தாம் எதையோ தவறாகப் புரிந்துகொண்டுவிட்டதுபோல மறுபடியும் தனசிங்கைப் பார்த்தார். தனசிங் எழ முயன்றார், முடியவில்லை.

"சவுரிமுத்து அண்ணா, அஞ்சம்மா அழுததுக்கு நான் லாயக்கில்ல. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. இல்ல, வேணாம், காலையில வருவா, நானே சொல்றேன்." அவள் லாசரஸிடம் திரும்பினாள். "நாங்க போடாத ஓட்டுக்கு அவர் எங்களுக்கு நன்றி காட்டணும்னு எழுதாதீங்க அண்ணா. அவரை ஜெயிக்க வச்சது மலையடிதான். நம்பலன்னா ரத்தினபாய் அக்காவைக் கேளுங்க. அந்தப் படியிலதான் உட்கார்ந்திருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. ரத்தினபாய் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை எதுக்கு இழுக்கறே?" என்றாள். பிறகு, கணவனைப் பாராமல், "உன் ஒரு ஓட்டாவது அவருக்கு விழுந்திருக்கும்னு இருந்தேன், தபீதா. கட்டினவனாச்சேன்னு" என்றாள்.

எவரோ ஒருவர் சிரித்தார், பாதியிலேயே அடக்கிக்கொண்டார். லாசரஸின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானே நழுவி மூக்கில் வந்து அமர்ந்தது. அவர் தாளை மடித்தார், இன்னொரு முறை மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தனசிங் இப்போது எழுந்து நின்றுவிட்டிருந்தார். இவள் ஏன் இதைச் செய்தாள்? அவர்மேல் கொண்ட அன்பாலா? வெட்கத்தாலா? சொல்லிவிட்டால் வலி குறையும் என்றா? அவருக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவளை இன்றுதான் பார்ப்பதுபோல இருந்தது. அது அவருக்கு அச்சமாகவும் இருந்தது.

"வேற தீர்மானம் ஒண்ணு" என்றார். "இந்த வருஷத்துக் குழாய் மலையடிக் குடியிருப்புக்கே. ஆதரிக்கிறவங்க?"

ஆண்களின் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும்தான், அவை வேறெதையும் கற்றிருக்கவில்லை. லாசரஸின் கையும் அவற்றோடு மெல்ல மேலே போனது.

"எதிர்க்கிறவங்க?"

ஒருவர் பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடிக் குனிந்தார். தனசிங் அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. காத்திருந்தார். அந்த முற்றத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபின் அத்தனை நேரம் எவரும் காத்திருந்ததில்லை. குனிந்தவர் நிமிர்ந்தார்.

தபீதாள் கையை உயர்த்தினாள்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் கை, இந்த முறை அட்டை மறைப்பு ஏதுமின்றி, எல்லார் முன்னிலும் நேராக நின்றது. அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையை விலக்குவாரா என்று கவனிப்பவளைப் போல.

"அவங்க உறுப்பினர் இல்லையே சார்" என்றார் லாசரஸ், ஏறக்குறையக் கெஞ்சும் குரலில். "கணக்குல வராது. ஏகமனதாகன்னே எழுதிடலாம்."

"எழுதாதீங்க" என்றார் தனசிங். "எதிர்ப்பு ஒண்ணுன்னு எழுதுங்க."

"பேரு?"

"தபீதாள் தனசிங்."

லாசரஸ் எழுதினார். வாசற்படியில் அமர்ந்திருந்த பெண்களில் எவளும் கையை உயர்த்தவில்லை. எவளும் தலையையும் உயர்த்தவில்லை. சவுரிமுத்து எழுந்து, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வாசலை நோக்கிச் சில அடி நடந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து தம் நாற்காலியிலேயே அமர்ந்துகொண்டார்.

தபீதாள் கையை இறக்கி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே இருந்த தட்டை எடுத்தாள். டம்ளர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சு" என்றாள். "இருங்க. வீட்ல இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கு. வேற போட்டுத் தரேன்."